சார் வூட்டு லைன்

யாருடைய வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் மேலேதான் பார்ப்பார். வாசலில் நின்று வரவேற்கிறவரைப் பார்ப்பது அதற்குப் பிறகு. மின்விசிறியில் தொடங்கி, சுவரோரமாக ஓடும் குழாயைக் கண்ணால் பிடித்துக்கொண்டு சுவிட்ச் பலகைக்கு வந்து, அங்கிருந்து மெயினுக்கும் மீட்டருக்கும் போய், வெளியே கம்பம் வரைக்கும் ஒரு நடை போய்த் திரும்பிய பிறகுதான் "நல்லா இருக்கீங்களா" என்பார். முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பல்லி ஏதோ இருக்கிறதென்று நினைத்து என் மனைவியும் அண்ணாந்து பார்த்தாள்.

அந்த நடையில் அவர் தேடுவது ஒன்றே ஒன்றுதான். "எங்க ஒண்ணா சேருது?"

"ரெண்டு வழி இருக்குதுன்னு சொல்லுவாங்க சார். பின்னாலயே போய்ப் பாருங்க. எங்கனா ஒரு எடத்துல ரெண்டும் ஒண்ணா சேரும். அங்க புட்டுக்கிச்சின்னா ரெண்டும் போச்சு."

வயருக்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் இதே கேள்வி. கடலூருக்கு இரண்டு பஸ் இருக்கிறது, ஒன்றை விட்டால் இன்னொன்று என்று சொன்னால், இரண்டும் அதே ரயில்வே கேட்டில்தானே நிற்கும் என்பார். அவருடைய மகளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு வரன் வந்தது. விசாரித்துப் பார்த்து, இரண்டையும் கொண்டுவந்தவர் ஒரே தரகர் என்று கண்டுபிடித்து இரண்டையும் திருப்பி அனுப்பினார். மகள் அந்த வருடமே சென்னையில் வேலைக்குப் போய்விட்டாள்.

நான் மின்துறையில் உதவி செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விதிகளைப் புத்தகம் பார்க்காமல் சொல்லுவேன். யாரும் கேட்பதில்லை என்பதால் அந்தத் திறமை இப்போது சும்மா இருக்கிறது. அவர் எங்கள் பீங்கான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். அந்தக் கம்பெனி செய்தது ஃபியூஸ் கட்டை. வெள்ளையாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற பீங்கான் துண்டு, நடுவில் ஒரு மெல்லிய கம்பி. எல்லா வீட்டு மெயினிலும் இருக்கும். என் அலுவலகக் கிடங்கிலும் மூட்டை மூட்டையாக இருந்தது. அதைச் செய்வதற்குக் கல்லை மாவாக அரைக்கும் அறையில்தான் மோட்டார்கள் அடிக்கடி பழுதாகும். அவற்றுக்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் அவர் உட்கார்ந்து வேலை பார்த்தார். ஃபியூஸுக்குப் போக மிச்சமான தூசு அவருக்குள் போய்த் தங்கியது. ஐம்பத்தைந்து வயதில் நுரையீரல் கல்லாகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு, மூக்கில் குழாயோடு வீட்டில் உட்கார்ந்தார். எங்காவது போனால் கையில் ஒரு சின்ன சிலிண்டர்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால், சந்தில் இருந்தது அவர் வீடு. நடுவில் ஒரு மதில். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் அவர் கட்டிலருகே ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் கொல்லையில் நின்றால் அது கேட்கும். அவர் இன்வெர்ட்டர் வைப்பதற்கு முன், கேட்காமல் போனால் சந்தில் கரண்ட் இல்லை என்று அர்த்தம். அப்படித்தான் முதலில் எனக்கு அவரைத் தெரியும், ஒரு சத்தமாக.

பொழுது போகட்டும் என்று மகள் தன் பழைய லேப்டாப்பில் நாலைந்து விளையாட்டுகளைப் போட்டு அனுப்பியிருந்தாள். சீட்டு, கார் பந்தயம் எல்லாம் இருந்தது. அவர் அவற்றைத் தொடவில்லை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். காற்றே இல்லாத ஒரு செம்மண் கிரகத்தில் ஒரு ஆள் தனியாக விடப்படுகிறான். அவன் உடுப்பில் கொஞ்ச நேரத்துக்குத்தான் காற்று. அதற்குள் கல்லைத் தோண்டி, உருக்கி, நாலு சுவர் எழுப்பி, காற்று செய்கிற மெஷினை உள்ளே வைக்க வேண்டும். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். பகலில் சூரியத் தகடு, இருட்டினால் பேட்டரி. நாள்கணக்கில் புழுதிக் காற்று அடிக்கும், அப்போது தகடு இருந்தும் பயனில்லை. ஒரு வயரில் தாங்குவதற்கு மேல் ஏற்றினால் வயர் வெடித்துவிடும். வெடித்த இடத்தை நடந்து தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் இருக்கிற மூச்சுக்குள்.

நான் முதலில் பார்த்த அன்று அந்த ஆள் செத்துக்கொண்டிருந்தான். உலையைப் போட்டிருக்கிறார், ஒரே வயரில் உலையும் காற்று மெஷினும் இருந்திருக்கிறது, வயர் போய்விட்டது. திரையின் ஓரங்கள் கறுத்துக்கொண்டே வந்தன. லேப்டாப்பிலிருந்து அவன் மூச்சு வாங்கும் சத்தம். பக்கத்தில் மெஷினின் சத்தம். நடுவில் இவருடைய மூச்சு. எது எதனுடையது என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது.

திரை முழுவதும் கறுத்ததும் அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "செத்துட்டேன் சார். மறுபடியும் மொதல்லேந்து."

அவர் மனைவி டீயைக் கொண்டுவந்து வைத்தார். "காலைலேந்து மூணாவது தடவ சார். டீ போடுற நேரத்துக்குள்ள ரெண்டு தடவ செத்துப் பொழைக்கிறாரு" என்றார்.

மறுநாளிலிருந்து நான் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். அவர் கேட்காமலேயே நிறைய சொன்னேன். ஒரே கோடாக இழுக்காதீர்கள், வளையமாக இழுங்கள். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கமாக வரும். பழுதுக்குப் பக்கத்தில் இருக்கிற ஃபியூஸ் முதலில் போக வேண்டும், தலைமை ஃபியூஸ் கடைசியில்தான் போக வேண்டும். கனமான சுமைக்குத் தனி லைன் போடுங்கள். என் துறையில் நான் இதையெல்லாம் சொன்னபோது கோப்பில் வைத்துக்கொண்டார்கள். இவர் அன்று சாயங்காலத்துக்குள் செய்துவிட்டார். அந்தக் கிரகத்துக்கு ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டியதில்லை.

ஆனால் அவருடைய சோதனை முறை எனக்குப் புதிது. எல்லாவற்றையும் கட்டி முடித்து, விளக்கெல்லாம் எரியும்போது, தானே போய் ஒரு வயரை வெட்டுவார். வெட்டிவிட்டு அறைக்குள் வந்து சும்மா உட்கார்ந்திருப்பார். எது அணைகிறது, எது நிற்கிறது, எவ்வளவு நேரம் என்று பார்ப்பார். பிறகு ஒட்டிவிட்டு அடுத்ததை வெட்டுவார். "வெட்டிப் பாக்காத லைனு லைனே இல்ல சார்" என்பார்.

கரண்ட் குறைந்தால் எது முதலில் அணைய வேண்டும் என்று ஒரு வரிசை வைத்திருந்தார். செடிக்குப் போடுகிற விளக்கு முதலில், அடுத்து உலை, வெளி விளக்கு, கதவு, உள் விளக்கு. கடைசியில் காற்று. இதை ஒரு காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தாள், இந்த வீட்டுக்கு. ஃபிரிட்ஜ், டிவி, மிக்ஸி, லைட்டு, ஃபேன், மெஷின்.

"ஃபேனு அஞ்சாவது சார். நான் எத்தனாவதுன்னு கேட்டுச் சொல்லுங்க" என்றார் அவர் மனைவி.

"நீ லிஸ்ட்லயே இல்ல. நீ அணையிற ஆளா?" என்றார் அவர். அந்த வீட்டில் அதைவிடப் பெரிய பாராட்டு எதையும் நான் கேட்டதில்லை.

ஒருநாள் நான் போனபோது மிகவும் சோர்ந்திருந்தார். வளையம் சரியாக இருக்கிறது, இரண்டு பேட்டரி அறைகள் இருக்கின்றன, எங்கே வெட்டினாலும் காற்று நிற்கவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் வந்து கடைசியில் காற்று மெஷினின் ஒரே பிளக்கில் சேர்வதைக் கண்டுபிடித்துவிட்டார். அதற்காக இன்னொரு அறை கட்டி இன்னொரு மெஷின் வைத்தார். வைத்து முடித்துவிட்டு வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப எங்க சேருதுன்னு பாத்தா, ஆளுல வந்து சேருது சார். அவனுக்கு ஸ்பேர் இல்ல."

அடுத்து அவர் இந்த வீட்டில் தேட ஆரம்பித்தார். சந்தின் கம்பத்திலிருந்து கரண்ட். அது போனால் இன்வெர்ட்டர், இரண்டரை மணி நேரம். அதுவும் போனால் ஒரு சின்ன சிலிண்டர், ஒரு மணி நேரம். மூன்று வழி என்று நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டவில்லை. இன்வெர்ட்டரில் சார்ஜ் ஏறுவதும் அதே கம்பத்திலிருந்துதான். சிலிண்டர் வழியல்ல, அது வாய்தா.

பிறகுதான் அந்தக் கிரகத்தில் ஒரு மதில் எழும்பியது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு, தனித் தகடு, தனிப் பேட்டரி. "இது சார் வூடு" என்றார். அங்கிருந்து ஒரு வயர் மதிலைத் தாண்டி இவருடைய அறைக்குள் வந்தது.

எனக்குப் புரிந்தது. எங்கள் வீடு தெரு முனை டிரான்ஸ்ஃபார்மரில், டவுன் லைனில் இருக்கிறது. அவர் வீடு சந்து டிரான்ஸ்ஃபார்மரில், தொழிற்பேட்டை லைனில். இரண்டும் துணைமின் நிலையத்தில்தான் சேருகின்றன. மாதாந்திரப் பராமரிப்பு என்றால் அது பேப்பரில் வந்துவிடும், அன்றைக்கு அவர் பெரிய சிலிண்டர் வரவழைத்துக்கொள்வார். மற்ற நாளில் சந்து இருண்டால் எங்கள் வீட்டில் எரியும். மதில் எட்டடி. வயர் பதினைந்து அடி போதும்.

ஆனால் ஒரு மின் இணைப்பிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பது விதிமீறல். அதற்காக நான் எத்தனையோ இணைப்புகளைத் துண்டித்திருக்கிறேன். மதில் மேல் கிடந்த வயரைக் கையால் பிடித்துக் காட்டி, விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். எனவே புரியாததுபோல் இருந்தேன். பிறகு, முறைப்படி செய்வோம் என்று சொல்லி, மருத்துவக் காரணத்துக்காக இரண்டாவது இணைப்பு கோரி அவர் சார்பில் ஒரு மனு எழுதினேன். மருத்துவச் சான்று, வரைபடம், விதிகளின் எண்கள் எல்லாம் இருந்தன. என் பணிக்காலத்தில் அப்படி ஒரு மனு எனக்கு வந்ததில்லை. ஒரே கட்டடத்துக்கு ஒரே வகையில் இரண்டு இணைப்பு தர விதி இல்லை என்று பதில் வந்தது. சரியான பதில். நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

என் மனைவி மனுவின் நகலைப் படித்தாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அத மூக்குல சொருகிக்க முடியுமான்னு பின்வீட்டுத் தம்பிகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

அதற்குள் நான்கு மாதம் போயிருந்தது.

விதியை மீறுவதென்று முடிவானதும் அதை முறைப்படி மீறினேன். குழாய்க்குள் வயர், தனி ஃபியூஸ், அவர் பக்கத்தில் இரண்டையும் மாற்றிப் போடுகிற ஒரு சுவிட்ச். ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் இருக்கும். எட்டு விதிகளை ஒரு தாளில் எழுதி சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அவர் குழாயோடு வந்து நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் சார் வூட்டு லைன் என்றாயிற்று.

படித்து முடித்துவிட்டுக் கேட்டார். "சார், நீங்க ஊருக்குப் போனா?"

"ஓய்வு பெற்ற ஆள் எங்கே போகப்போகிறேன்? மெயின் என் கையில்தானே இருக்கிறது, பயப்படாதீங்க" என்றேன்.

"அதான் சார் கேட்டேன்" என்றார்.

முப்பத்தைந்து வருடம் சர்வீஸ் போட்டவனிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது. பதில் சொல்லாமல் பேச்சை மாற்றினேன். என் பழைய கதைகளில் ஒன்றைச் சொன்னேன் என்று ஞாபகம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒருவன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது, கீழே யாரோ விவரம் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். அவனை இறக்கியதை நான் பார்த்தேன். அதன்பிறகு என் பிரிவில் ஒரு விதி வைத்தேன். லைனை அணைத்தால் போதாது, ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு போக வேண்டும். பிடுங்கியவன் பையில்தான் அது இருக்க வேண்டும். காலியாக இருக்கிற இடத்தில் வேறு எவனும் வேறு கட்டையைச் செருகக்கூடாது.

"அது சரியான ரூலு சார்" என்றார் அவர். அவர் என்னிடம் சரி என்று சொன்ன ஒரே விதி அது.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சோதனை நடக்கும். சந்துக் கரண்டை அணைத்துவிட்டு என் லைனுக்கு மாற்றுவார். நான் கொல்லையில் நின்று கேட்பேன். மெஷின் ஒரு நொடி நின்று மறுபடி பிடித்துக்கொள்ளும். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து "வந்துடுச்சு சார்" என்று அவர் மனைவி குரல் கொடுப்பார். அப்படிப் பல வெள்ளிக்கிழமைகள். ஒருமுறைகூடத் தவறவில்லை. எல்லாச் சோதனையிலும் நான் வீட்டில் இருந்தேன்.

திட்டக்குடியில் என் மனைவியின் அண்ணன் வீட்டில் காதுகுத்து வந்தது. காலையிலேயே கிளம்பினோம். சன்னலைச் சாத்தினேன். கேஸை மூடினேன். வாசல் சுவரில் இருக்கிற மெயினை அணைத்து, கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பூட்டிவிட்டு, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான். என் வீட்டில் எந்தக் கம்பத்தில் எவன் ஏறியிருக்கிறான் என்று என் மனைவி கேலி செய்வாள். கை தானாகச் செய்தது. நான் அங்கே இல்லை.

சாப்பிட்டு முடித்து, தாம்பூலப் பைக்கு நின்றுகொண்டிருந்தபோது என் மனைவியின் போன் அடித்தது. பேசியவள் முகம் மாறி, போனை என்னிடம் நீட்டினாள்.

அவர் மனைவி. சத்தமே இல்லாத குரலில் பேசினார். காலை பத்தரைக்குக் களிமண் லாரி ஒன்று சந்து முனையில் திரும்பும்போது கம்பத்தைச் சாய்த்துவிட்டது. ஆட்கள் வந்து புதுக் கம்பம் நட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்வெர்ட்டர் முடிந்து, சிலிண்டரும் முள் அடியில் இருக்கிறது.

"சார் வூட்டு லைனும் வரல சார். முன்பக்கமா வந்து பாத்தேன். பீஸ் கட்டையக் காணும். லைன்ல ஆள் யாராச்சும் வேலை செய்றாங்களோன்னு பயப்படுறாரு."

என் கை சட்டைப்பைக்குப் போனது. பீங்கான் குளிர்ச்சியாக இருக்கும் என்பார்கள். உடம்புச் சூட்டில் அது வெதுவெதுப்பாக இருந்தது.

யாரும் இல்லை என்றேன்.

"எங்க வூட்டு ஷெல்ஃபுல அதே கட்டை பத்து கெடக்குது சார். நான் அப்பவே போட்டுடறேன்னு சொன்னேன். சார் எடுத்துட்டுப் போயிருந்தாருன்னா காரணம் இருக்கும், காலியா இருக்குற எடத்துல கைய வைக்காதன்னு கத்துறாரு. கத்துறதுக்கு அவருக்கு மூச்சு எங்க சார் இருக்குது? விசேஷத்துல இருப்பாரு, போனும் பண்ணாதன்னுட்டாரு. நான்தான் கேக்கல."

போடுங்கள், நான் சொன்னேன் என்று அவரிடம் சொல்லுங்கள் என்றேன். மெயின் கீழே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு கட்டையை அழுத்திச் செருக வேண்டும், பிறகுதான் மெயினை மேலே தூக்க வேண்டும். அந்த நிலையிலும் வரிசை தவறாமல் சொன்னேன். அவர் மனைவி போனை அணைக்காமலே ஓடினார். புடவை உரசுகிற சத்தம், கதவுச் சத்தம், என் வீட்டு முன்கேட்டின் சத்தம். அது எண்ணெய் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு டக் சத்தம். மறுபடி ஓட்டம். திட்டக்குடி மண்டபத்தில் மைக்கில் யாரோ பேர் படித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

மெஷின் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. எனக்குத் தெரிந்த சத்தம். அவர் மனைவி "வந்துடுச்சு சார்" என்று சொல்லவில்லை.

ஒரு உறவுக்காரர் காரில் ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தேன். அவர் கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து கிடந்தார். உதடு இன்னும் நீலம். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வந்தார், மூச்சு சேரும்வரை நான் நின்றேன்.

"பீஸ் கட்டை எங்க சார்?"

எடுத்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தார். அடியில் இருந்த முத்திரையைக் கட்டைவிரலால் தேய்த்தார். "நம்ம கம்பெனி மாலு சார். நல்ல கட்டை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

நான் மன்னிப்பு மாதிரி ஏதோ ஆரம்பித்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை. அவர் மனைவி எனக்கு டீ போட்டு வந்தார். அதைக் குடித்தேன்.

அதன்பிறகு அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. நான் போவேன், நாற்காலியில் உட்காருவேன். அவர் கொஞ்ச நேரம் விளையாடுவார், பெரும்பாலும் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார். எதையும் வெட்டிப் பார்க்கவில்லை. ஐந்து வாரம் கழித்து ஆஸ்பத்திரியில், ஒரு காலை நேரத்தில் போனார். அன்றைக்கு அங்கே கரண்ட் போகவில்லை. விசாரித்துவிட்டேன். இந்த வியாதி இப்படித்தான் போகும், எப்போது என்பதுதான் தெரியாது என்று டாக்டர் சொன்னார். திட்டக்குடி அன்று நடந்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். விபத்து அறிக்கையில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டு வந்த எத்தனையோ அறிக்கைகளை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

காரியம் முடிந்து மகள் சென்னைக்குக் கிளம்புவதற்கு முன், அவர் மனைவி என்னைக் கூப்பிட்டார். லேப்டாப் இன்னும் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று எப்படி விட்டாரோ அப்படியே. அணைக்க அவர் மனைவிக்குக் கை வரவில்லை. "நீங்கதான் சார் முறையா அணைக்கத் தெரிஞ்சவரு" என்றார். குத்திக் காட்டினாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

உட்கார்ந்தேன். அந்தக் கிரகத்தில் பகலாக இருந்தது. எல்லா விளக்கும் எரிந்தது. இரண்டு காற்று மெஷின்களும் ஓடின. பார்த்துப் பார்த்து எனக்கும் நடக்கத் தெரியும். அந்த ஆளை நடத்திக்கொண்டு மதிலருகே போனேன். சார் வூட்டுக்குள் நான் ஒருமுறையும் போனதில்லை. வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

உள்ளே ஒரு நாற்காலி இருந்தது. சுவரில் மெயின். மெயினுக்குப் பக்கத்தில், மெயினைத் தொடாமல் தனியாக, ஒரு பேட்டரி. அதிலிருந்து நேராக மதிலுக்கு வயர் போனது. அந்த விளையாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் நாமே பெயர் எழுதி ஒட்டலாம். தமிழ் எழுத்து வராது, அவர் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார். அந்தப் பேட்டரியின் மேல் எழுதியிருந்தது: சார் ஊருக்குப் போனா.

மெயினை அணைத்துப் பார்த்தேன். நாற்காலிக்கு மேலிருந்த விளக்கு அணைந்தது. மதிலுக்குப் போகிற வயரில் கரண்ட் நிற்கவில்லை.

இதை அவர் எப்போது வைத்தார் என்று அந்த விளையாட்டில் பார்க்க வழியில்லை. திட்டக்குடிக்குப் பிறகு வைத்திருந்தால் அது பழுது பார்த்தது. முன்பே வைத்திருந்தால், நான் பதில் சொல்லாத கேள்விக்கு அவரே பதில் செய்து வைத்திருக்கிறார், நான் போய்ப் பார்க்கவில்லை. "சார் வூட்டுல ஒரு சின்ன வேலை பண்ணியிருக்கேன், உள்ள வந்து பாருங்க சார்" என்று ஒருநாள் சொன்னார். அப்புறம் பார்க்கிறேன் என்றேன். அது எந்த மாதம் என்று எவ்வளவோ யோசித்துவிட்டேன். அன்று அவர் மேல் போர்வை இருந்ததா, ஃபேன் ஓடியதா, மனைவி டீ கொடுத்தாரா மோர் கொடுத்தாரா என்றெல்லாம் தேடிப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. என் அலுவலகத்தில் ஒரு சாதாரண புகாருக்குக் கூட வந்த தேதி, பார்த்த தேதி என்று இரண்டு கட்டம் இருந்தது.

மெயினைத் திரும்பப் போட்டேன். எல்லாம் எரியும்போது சேமித்து, லேப்டாப்பை மூடினேன். மகள் எடுத்துப் போனாள்.

வயர் இன்னும் மதில் மேல் இருக்கிறது. கழட்டிவிடலாமா என்று அவர் மனைவி ஒருமுறை கேட்டார், இருக்கட்டும் என்றேன். அந்தப் பக்கம் முனையில் ஒன்றும் செருகியில்லை, ஆனால் கரண்ட் இருக்கிறது. அன்று அவர் மனைவி செருகிய கட்டைதான் இன்னும் என் மெயினில் இருக்கிறது. என்னுடையது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. முழு விதிமீறல், நாள் தவறாமல் நடக்கிறது. நானே நடத்துகிறேன்.

போன வாரம் மறுபடி திட்டக்குடிக்குப் போக வேண்டியிருந்தது. சன்னலைச் சாத்தினேன். கேஸை மூடினேன். மெயினுக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுப் பூட்டினேன். பஸ் ரயில்வே கேட்டில் நின்றபோது என் மனைவி, பழைய வழக்கத்தில், "கட்டைய எடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டதும் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கை சட்டைப்பைக்குப் போயிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. திட்டக்குடி வரும்வரை நான் கையை வெளியே எடுக்கவில்லை.